ஓஎஸ்பிஎஃப் காஸ்ட்டைக் கையால் கணக்குப் போட

பெங்களூருவில் மடிவாளாவிலிருந்து மாரத்தஹள்ளிக்கு, தூரம் குறைவு என்று நம்பி சில்க் போர்டு வழியே போய் நெரிசலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு, நெட்வொர்க்கில் தரவு போகும் வழியைத் தேர்ந்தெடுக்கும் ரிப் (RIP) நெறிமுறையின் குறை சொல்லாமலே புரியும். தாண்டும் ரவுட்டர்களை மட்டும் எண்ணும், 15-ஐத் தாண்டினால் வழியே இல்லை என்று கைவிரித்துவிடும். அதே வேலையைச் செய்யும் ஓஎஸ்பிஎஃப் (OSPF) நெறிமுறை இணைப்பின் வேகத்தைப் பார்க்கும். சிஸ்கோ ரவுட்டர்களின் இயங்குதளமான ஐஓஎஸ்ஸில் 100 எம்பிபிஎஸ்ஸை இணைப்பின் வேகத்தால் வகுத்தால் வருவது காஸ்ட், அதாவது அந்த இணைப்பின் விலை: 10 எம்பிபிஎஸ்ஸுக்கு 10, 100-க்கு 1. சரி, 1 ஜிபிபிஎஸ்ஸுக்கு? காஸ்ட் முழு எண் என்பதால் 0.1 வராது, அதற்கும் 1 தான், அதனால் புது ஃபைபரும் பழைய இணைப்பும் ஒரே விலைக்கு நிற்கும் (இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்). ‘ஆட்டோ-காஸ்ட் ரெஃபரன்ஸ்-பேண்ட்வித் 100000’ என்ற கட்டளையை எல்லா ரவுட்டரிலும் ஒரே மாதிரி கொடுங்கள், 100-க்குப் பதில் 100000 எம்பிபிஎஸ்ஸை வகுக்கும். 1 ஜிபிபிஎஸ் 100 ஆகும், 10 ஜிபிபிஎஸ் 10. அப்புறம் வழிநெடுக தரவு வெளியேறும் இன்டர்ஃபேஸ்களின் (ரவுட்டரின் இணைப்பு முனைகள்) காஸ்ட்டைக் கூட்டுங்கள், குறைந்த தொகை வரும் பாதைதான் ரவுட்டரின் வழிப் பட்டியலான ரவுட்டிங் டேபிளில் ஏறும்.