டோக்கியோவின் யனக்காவை நடந்தே பார்ப்பது எப்படி? முதன்முறை செல்வோருக்கான செய்முறை

ஜப்பானிய நகரங்களில் பழமையைத் தேடிச் செல்வோர் பலர், ஒரே நாளில் ஐந்தாறு பேட்டைகளைச் சுற்றிவிட்டு எதையும் சரியாகப் பார்க்காமலே திரும்புகிறார்கள். ஒரே ஒரு பேட்டையைத் தேர்ந்து, அது எப்படிப் பிழைத்தது என்பதை அறிந்துகொண்டு, அரைநாள் நிதானமாக நடப்பதே நல்ல முறை. 1923ஆம் ஆண்டின் பெருநிலநடுக்கத்திலும் 1945ஆம் ஆண்டின் வான்குண்டுத் தாக்குதல்களிலும் டோக்கியோவின் பெரும்பகுதி எரிந்தபோது, யனக்கா பேரளவில் தப்பியது. அதனால்தான் இந்த நடைக்கு அதைத் தேர்ந்தெடுத்தேன்.

முதல் படி: முகவரி முறையைப் பழகுங்கள்

ஜப்பானில் பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரே கிடையாது. ஒவ்வொரு பேட்டையும் ‘சோமே’ எனப்படும் எண்ணிட்ட பகுதிகளாகவும், அவை மேலும் சிறு தொகுதிகளாகவும் பிரிக்கப்பட்டுள்ளன. ஆகவே மின்கம்பங்களிலும் சுவர்களிலும் உள்ள சிறு பலகைகளில் சோமே எண்ணைப் பார்த்து நடங்கள். தெருவோர வரைபடங்களில் வடக்குத் திசை எப்போதும் மேலே இருக்காது. பெரும்பாலும் நீங்கள் நோக்கி நிற்கும் திசையே மேற்பக்கமாக வரையப்பட்டிருக்கும்.

இரண்டாம் படி: கல்லறைத் தோட்டத்திலிருந்து தொடங்குங்கள்

யமனோட்டே ரயில் தடத்தில் நிப்போரி நிலையத்தில் இறங்கி, மேற்கு வாயில் வழியாக வெளியேறினால் தென்னோஜி கோயில் அருகிலேயே இருக்கிறது. அங்கே 1690இல் வார்க்கப்பட்ட வெண்கலப் புத்தர் திறந்தவெளியில் அமர்ந்திருக்கிறார். அடுத்துள்ள யனக்கா கல்லறைத் தோட்டத்தில், 1867இல் ஆட்சியைப் பேரரசரிடம் ஒப்படைத்த கடைசி ஷோகுன் (பேரரசர் பெயரால் நாட்டை ஆண்ட படைத்தலைவர்) தொக்குகாவா யோஷினோபுவின் கல்லறை உள்ளது. அதை வேலிக்கு வெளியிலிருந்து பார்க்கலாம். 1957இல் தீக்கிரையான ஐந்தடுக்குக் கோபுரத்தின் அடித்தளக் கற்களையும் தவறவிடாதீர்கள். கோபுரம் நின்ற இடத்தில் வெறும் கற்கள் மட்டும் எஞ்சியிருப்பதுதான் இத்தோட்டத்தில் மனத்தை மிகவும் தொடும் காட்சி.

மூன்றாம் படி: சிற்பியின் வீட்டுக்குள் செல்லுங்கள்

சிற்பி அசக்குரா ஃபுமியோ (1883–1964) வாழ்ந்த வீடு இன்று அருங்காட்சியகமாக உள்ளது. கான்கிரீட்டாலான சிற்பக்கூடமும், நீர்த்தோட்டத்தைச் சூழ்ந்த மரவீடும் இணைந்த அக்கட்டடம் 1935இல் முடிந்தது. அவருடைய புகழ்பெற்ற ‘கல்லறைக் காவலர்’ என்னும் சிற்பத்துக்கு முன்மாதிரியாக இருந்தவர் தென்னோஜிக் கல்லறைகளைக் காத்துவந்த முதியவர். சற்று முன் நீங்கள் நடந்த மண்ணின் மனிதரை இங்கே காண்கிறீர்கள். காலணியைக் கழற்ற வேண்டும், ஆனால் காலுறை கட்டாயம். திங்களும் வியாழனும் விடுமுறை என்பதால், புறப்படும் நாளை அதற்கேற்ப முடிவு செய்யுங்கள்.

நான்காம் படி: தெய்வங்களை அடையாளம் காணுங்கள்

யனக்காவின் கோயில்களைச் சுற்றி, புத்தாண்டின் முதல் பத்து நாட்களில் ஏழு நற்பேற்றுத் தெய்வங்களை வணங்கும் நடைப்பயணம் நிகழ்கிறது. அவற்றுள் பென்சைத்தென் நம் சரஸ்வதியே. பௌத்தத்தோடு கடல் கடந்த அவள், வீணைக்கு மாறாக ‘பிவா’ என்னும் நரம்பிசைக் கருவியை ஏந்தியிருக்கிறாள். தென்னோஜியில் உள்ள பிஷமோன்தென், குபேரனாகிய வைஸ்ரவணன். இந்த உறவை அறிந்து பார்க்கும் தமிழருக்கு அச்சந்நிதிகள் அந்நியமாகத் தோன்றுவதில்லை.

ஐந்தாம் படி: சந்துகளின் வழியே நெஸு ஆலயம் வரை

கன்னோன்ஜி கோயிலின் மண்ணும் ஓடும் அடுக்கிய பழஞ்சுவரைப் பார்த்துவிட்டு, ‘யூயாக்கே தன்தன்’ என்னும் அந்திப் படிகளில் இறங்கினால் யனக்கா கின்ஸா கடைத்தெரு வரும். வாங்கிய தின்பண்டத்தைக் கடைவாசலிலேயே உண்டு முடியுங்கள். சந்துகளில் மக்கள் வாழ்கிறார்கள், ஆகவே வீட்டு வாசல்களைப் படமெடுக்காதீர்கள்.

அங்கிருந்து தெற்கே நடந்தால் 1706இல் ஐந்தாம் ஷோகுன் கட்டுவித்த நெஸு ஆலயம். வாயிலில் நீரால் கைகளையும் வாயையும் தூய்மைசெய்து, சந்நிதியில் இருமுறை தலைவணங்கி, இருமுறை கைதட்டி, மீண்டும் ஒருமுறை வணங்க வேண்டும். இது ஜப்பானின் மரபுச் சமயமான ஷிண்டோவின் ஆலயத்துக்குரிய முறை. பௌத்தக் கோயிலில் கைதட்டாமல் கைகூப்பினால் போதும். ஏப்ரலில் சென்றால் ஆலயச் சரிவு முழுவதும் அசேலியா மலர்ந்திருக்கும். திரும்புவதற்குச் சியோதா தடத்தின் நெஸு நிலையம் நடக்கும் தொலைவில்தான் உள்ளது.