எல்லையில் சண்டை, வீட்டில் ரிட்டயர்டு மேஜர்: என்ன செய்யலாம்?

சண்டை தொடங்கிய நாள் காலையிலிருந்தே போன் ஓயாது. 2025 மே 7, ஆபரேஷன் சிந்தூர் அன்று, ராணுவத்திலிருந்து ரிட்டயரான நம்மில் பலர் அனுபவித்ததுதான்: பக்கத்து வீட்டுக்காரர், சம்பந்தி, வாக்கிங் நண்பர் எல்லோருக்கும் ஒரே கேள்வி, "சார், அடுத்து என்ன நடக்கும்?" நீங்க பார்க்கிற அதே நியூஸைத்தான் நானும் பார்க்கிறேன் என்று சொல்லிவிடுங்கள். கொஞ்சம் கௌரவக் குறைச்சலாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

டிவி சேனலிலிருந்து கூப்பிட்டால்? போகலாம். 1965, 1971, கார்கில் என்று வரலாறு பேசுங்கள், ஆயுதம் எப்படி வேலை செய்யும் என்று பொதுவில் தெரிந்ததைச் சொல்லுங்கள். எந்தப் படை எங்கே நகர்கிறது என்ற ஊகம் மட்டும் வேண்டாம். 2025 ஏப்ரல் 26 அன்று தகவல் ஒலிபரப்பு அமைச்சகம், படை நடவடிக்கைகளை நேரலையில் காட்டாதீர்கள் என்று சேனல்களுக்கு அறிவுறுத்தியபோது, அப்படிக் காட்டியதால் பாதகம் வந்ததற்குக் கார்கிலையும் மும்பைத் தாக்குதலையும்தான் உதாரணம் காட்டியது. 1923-ஆம் வருட அரசு ரகசியச் சட்டத்துக்கு ரிட்டயர்மென்ட் கிடையாது என்பதும் நினைவிருக்கட்டும்.

டிவியைவிட ஆபத்து பழைய யூனிட் வாட்ஸ்ஆப் குரூப். "நம்ம பட்டாலியன் நேத்து ராத்திரி கிளம்பிடுச்சு" என்று யாராவது பெருமையாகப் போட்டால், போட்டவர் உங்கள் சீனியராகவே இருந்தாலும், அழிக்கச் சொல்லுங்கள். சர்வீஸில் இருக்கும் பையனிடம் பேசினால் "எங்கே இருக்கே" என்று கேட்காதீர்கள், "சாப்பிட்டியா" போதும். களத்தில் இருப்பவனுக்குக் கடிதம் போடக்கூட ஊர்ப் பெயர் இல்லாமல் 56 ஏ.பி.ஓ. என்று ராணுவத் தபால் நிலைய எண்ணைத்தானே எழுதுகிறோம்!

நம்மால் உண்மையிலேயே உதவ முடிவது ஜவான்களின் வீடுகளில்தான். உங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி, புருஷன் போன் மூன்று நாளாக ஸ்விட்ச் ஆஃப் என்று அழுதுகொண்டே வந்தால், முதலில் உட்காரவைத்துக் காபி கொடுங்கள். களத்தில் போனை அணைக்கச் சொல்வது வழக்கம், ஏதாவது ஆகியிருந்தால் யூனிட்டிலிருந்து முறையாகத் தகவல் வரும், யூடியூபில் வராது என்று அவளுக்குப் புரியும் வரை சொல்லுங்கள். அப்புறம், அன்றைக்கே இல்லாவிட்டாலும் பதற்றம் தணிந்ததும், காகிதங்களைப் பாருங்கள். ஜாயின்ட் அக்கவுன்ட் இருக்கிறதா, ஆர்மி குரூப் இன்ஷூரன்ஸில் நாமினி இன்னும் அவன் அம்மாதானா, அப்படியே இருக்கட்டும் என்று தெரிந்துதான் விட்டிருக்கிறானா? அவள் பெயரே சர்வீஸ் ரெக்கார்டில் லட்சுமி, ஆதாரில் மகாலட்சுமி, பாஸ்புக்கில் இனிஷியல் வேறு என்று இருக்கும். பின்னால் பென்ஷன் இழுபறியாவது இதில்தான். ரெக்கார்டில் திருத்த அவன் யூனிட் வழியாக பார்ட் டூ ஆர்டர் (சொந்த விவரங்களை ரெக்கார்டில் பதியும் உத்தரவு) வரவேண்டும், அதனால் அவன் போன் வரும்போது கேட்க வேண்டியதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் எங்கே இருக்கிறது என்றும் காட்டிவிடுங்கள். தனியாகப் போகத் தயங்குவாள், முதல் தடவை நீங்களோ உங்கள் மனைவியோ கூடப் போங்கள்.

ராணுவத்துக்கு நன்கொடை என்று அக்கவுன்ட் நம்பரோடு மெசேஜ் வந்தால் ஃபார்வர்டு செய்யாதீர்கள். உங்கள் பெயரைப் பார்த்துத்தான் ஜனங்கள் நம்பிப் பணம் போடுவார்கள். கொடுக்க விரும்புகிறவர்களைப் பாதுகாப்பு அமைச்சகத்தின் 'மா பாரதி கே சபூத்' தளத்துக்கு அனுப்பலாம்.

"நம்மளைத் திரும்பக் கூப்பிடுவாங்களா?" என்று குரூப்பில் யாராவது கேட்பார்கள். 2025 மே 6 அன்று பாதுகாப்பு அமைச்சகம் போட்ட உத்தரவு டெரிடோரியல் ஆர்மியை (வேறு வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேரமாகப் படையில் இருப்பவர்களை) அழைப்பது பற்றியது, நம்மைப் பற்றியது இல்லை. நம் கையில் இருப்பது சிவில் டிஃபென்ஸ், அதாவது தாக்குதல் வந்தால் பொதுமக்களைக் காக்கும் தொண்டர் பணி. கல்பாக்கத்திலும் சென்னைத் துறைமுகத்திலும் மே 7 அன்று அதற்கான ஒத்திகை நடந்தது. உங்கள் பக்கம் நடந்தால் போய்ப் பெயர் கொடுங்கள், ஆனால் நடத்துகிற தாசில்தாருக்கு ஆர்டர் போடாதீர்கள்.