புவியியல் விடைத்தாளில் டெல்டா பிள்ளைகள் செய்யும் தவறுகள்

கஜா புயல் அடித்து ஓய்ந்த அந்த வருடம், வகுப்புத் தேர்வில் ஒரு கேள்வி வைத்தேன். ‘இயற்கை இடரின் விளைவுகளை எடுத்துக்காட்டுடன் விளக்குக.’ ஐந்து மதிப்பெண். தாள்களைத் திருத்த உட்கார்ந்தால், பாதிப் பேர் 2015 சென்னை வெள்ளத்தை எழுதியிருந்தார்கள். வீட்டு ஓடு பறந்துபோய், கொல்லையில் தென்னை சாய்ந்து, வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் படித்த பிள்ளைகள். ஒரு பையனைக் கூப்பிட்டு, “ஏன் தம்பி, கஜாவை எழுதவில்லை?” என்று கேட்டேன். “அது புத்தகத்துல இல்லையே சார்” என்றான்.

அன்றிலிருந்து விடைத்தாள்களில் திரும்பத் திரும்ப வரும் தவறுகளைக் குறித்துவைக்கத் தொடங்கினேன். இயற்கை இடர், வளங்களின் பயன்பாடு, நகர வளர்ச்சி என்று பாடப்புத்தகம் மூன்றையும் வேறு வேறு இடங்களில் வைத்திருக்கிறது. பிள்ளைகளும் தனித்தனியாகவே மனப்பாடம் செய்கிறார்கள். எங்கள் காவிரி டெல்டாவில் இந்த மூன்றும் ஒரே வாய்க்காலில் ஓடுகின்றன. கீழே சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவை அதைப் பார்க்காததால் வருபவைதான்.

முதல் தவறு விடையின் முதல் வரியிலேயே இருக்கும். ‘புயல் என்பது ஒரு பேரிடர் ஆகும்.’ இல்லை. புயல் ஓர் இடர். ஆளில்லாத நடுக்கடலில் உருவாகி அங்கேயே கரைந்துபோகும் புயல் யாருக்கும் பேரிடர் கிடையாது. இடர் வரும் வழியில் மனிதர்களும் பயிரும் வீடும் இருந்து, அதைத் தாங்கும் வலு அவர்களிடம் இல்லாதபோதுதான் அது பேரிடர் ஆகிறது. இதை எழுதாமல் வேறு எதை எழுதினாலும் விடை பாதிதான்.

2004 டிசம்பர் 26 சுனாமியை எடுத்துக்கொள்ளுங்கள். சுமத்ரா அருகே கடலடியில் பூமி அதிர்ந்தது நம் நேரப்படி காலை ஆறரை மணி சுமாருக்கு. நாகப்பட்டினக் கரையை அலை தொட இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. அவ்வளவு நேரம் இருந்தும் சொல்ல ஆளில்லை. இந்தியப் பெருங்கடலுக்கென்று எச்சரிக்கை அமைப்பே அப்போது இல்லை. ஐதராபாத்தில் இந்தியாவின் சுனாமி எச்சரிக்கை மையம் செயல்படத் தொடங்கியது 2007-இல். சுனாமி வந்த நாள் ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள்; வேளாங்கண்ணி முழுக்க வெளியூர்க் கூட்டம். கரையை ஒட்டியே மீனவர் குடியிருப்புகள். நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அலை இடர். எச்சரிக்கை இல்லாமை, கரையோர நெருக்கம், பண்டிகைக் கூட்டம் ஆகிய இவை சேர்ந்துதான் அதைப் பேரிடர் ஆக்கின.

கஜாவிலும் இதே கணக்குதான். 2018 நவம்பர் 16 அதிகாலை, நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரை கடந்தது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் காற்று. நெல் வயலில் சம்பாப் பயிர் சாய்ந்தால் ஒரு போகம் போகும். கஷ்டம்தான், ஆனால் அடுத்த வருடம் மறுபடி நடலாம். பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாட்டுப் பக்கம் வீழ்ந்தது தென்னை. ஒரு தென்னங்கன்று காய்ப்புக்கு வரவே ஐந்தாறு வருடம் ஆகும், நல்ல மகசூலுக்கு இன்னும் காத்திருக்க வேண்டும். அப்பா வைத்த மரத்தில் பிள்ளை படிக்கிறான் என்று இருந்த வீடுகளில் ஒரே இரவில் வருமானம் முழுதும் தரையில் கிடந்தது. ஒரே மரத்தை நம்பியிருந்ததுதான் அங்கே பாதிப்பின் அளவை முடிவு செய்தது. ‘தென்னை மரங்கள் சேதமடைந்தன’ என்ற வரிக்கு அரை மதிப்பெண். ‘ஏன் நெல்லைவிடத் தென்னை விழுந்தது பெரிய இழப்பு’ என்று எழுதினால் முழு மதிப்பெண்.

அப்போது வகுப்பில் ஒரு வேலை கொடுத்தேன். உங்கள் வீட்டுப் பக்கம் காற்று முதலில் எந்தத் திசையிலிருந்து அடித்தது, பிறகு எந்தத் திசையிலிருந்து அடித்தது, மரங்கள் எந்தப் பக்கம் தலைவைத்துக் கிடக்கின்றன, பார்த்து எழுதி வாருங்கள். ஒரு பெண் எழுதி வந்தாள்: ‘முதல்ல வாடைப் பக்கமிருந்து அடிச்சது. அப்புறம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. பாட்டி கதவைத் திறக்கப் போனாங்க, தாத்தா வேணாம்னாரு. அப்புறம் தெக்க இருந்து அடிச்சது, அப்பதான் மரமெல்லாம் விழுந்துச்சு.’ புயலின் கண் ஒரு வீட்டைக் கடந்துபோன கதை முழுவதும் இந்த நாலு வரியில் இருக்கிறது. நம் பகுதியில் புயல் காற்று மையத்தைச் சுற்றி இடஞ்சுழியாகச் சுழலும். மையம் கிழக்கிலிருந்து மேற்காக வீட்டுக்கு மேலேயே போனால் முதலில் வடக்கிலிருந்து காற்று, நடுவில் அமைதி, பிறகு தெற்கிலிருந்து காற்று. அந்த அமைதியில் வெளியே வருவதுதான் ஆபத்து என்று தாத்தாவுக்குத் தெரிந்திருக்கிறது. இந்தப் பெண்ணும் தேர்வில் எழுதியது சென்னை வெள்ளம்தான்.

அடுத்து, காரணத்தைக் குழப்புவது. ‘காடுகளை அழிப்பதாலும் புவி வெப்பமடைவதாலும் சுனாமி ஏற்படுகிறது’ என்ற வரி வருடா வருடம் வருகிறது. சுனாமிக்கும் வானிலைக்கும் சம்பந்தமே இல்லை. 2004-இல் சுனாமி வந்த காலை வெயில் அடித்துக்கொண்டிருந்தது. கடலடித் தட்டு நகர்ந்து நீரைத் தூக்கினால் சுனாமி. காற்றும் குறைந்த காற்றழுத்தமும் கடலைக் கரை மேல் தள்ளினால் அது புயல் அலை. இரண்டிலும் கடல்நீர் ஊருக்குள் வருவதால் ஒன்றாகிவிடாது. அலையாத்திக் காடு அலையின் வேகத்தைக் குறைக்கும் என்பது உண்மை, முத்துப்பேட்டைக் காட்டை அதற்கு எடுத்துக்காட்டாகத் தாராளமாக எழுதலாம். ஆனால் காடு இல்லாததால் சுனாமி உண்டானது என்று எழுதக் கூடாது.

எல்லாப் புயலும் ஒன்றுபோலச் சேதம் செய்யாது என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள். 2008 நவம்பரில் வந்த நிஷாவை ஊரில் யாரும் காற்றுக்காக நினைவு வைத்திருக்கவில்லை. ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 60 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. நிஷா மழை, கஜா காற்று. தயாராவதும் இரண்டுக்கும் வேறு வேறு.

வெள்ளம் என்றதும் ‘காவிரியில் வெள்ளப்பெருக்கு ஏற்பட்டு வயல்கள் மூழ்கின’ என்று எழுதிவிடுகிறார்கள். டெல்டாவில் தண்ணீர் இரண்டு பருவத்தில் வருகிறது. குடகிலும் வயநாட்டிலும் தென்மேற்குப் பருவமழை பெய்தால் மேட்டூர் நிறையும். அது ஜூலை, ஆகஸ்டு. நம் தலைக்கு மேலேயே பெய்வது வடகிழக்குப் பருவமழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை. வயல் மூழ்குவது பெரும்பாலும் இந்த இரண்டாவது தண்ணீரில். அதுவும் ஆறு உடைத்துக்கொண்டு வருவதால் மட்டும் இல்லை, பெய்த மழை வடிய வழியில்லாததால். இங்கே தரைச் சரிவு மிகக் குறைவு. வடிகாலில் ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் அடைத்துக் கிடக்கும். போதாதற்கு, கடல் கொந்தளித்திருக்கும் நாளில் முகத்துவாரத்தில் ‘கடல் தண்ணி வாங்கல’ என்பார்கள், அதாவது வடிகால் நீரைக் கடல் உள்ளே விடவில்லை. வாய்க்கால் தண்ணீரைக் கொண்டுவருவது, வடிகால் கொண்டுபோவது. இரண்டையும் ஒன்றாக்கி எழுதும் பிள்ளைக்கு டெல்டா வெள்ளம் புரியவே புரியாது.

2018-ஐ மட்டும் ஒழுங்காக எழுதினால் இந்தப் பாடம் முழுதும் அதில் அடங்கும். ஆகஸ்டில் மேட்டூர் நிரம்பி உபரி நீர் கொள்ளிடம் வழியாகக் கடலுக்குப் போனது. அந்த வேகத்தில் முக்கொம்பில் கொள்ளிடத்தின் பழைய மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. அதே நாட்களில், வாய்க்கால் போய் முடியும் கடைமடையில் தண்ணீர் வரவில்லை என்று விவசாயிகள் சாலையில் உட்கார்ந்திருந்தார்கள். நவம்பரில் கஜா. ஒரே வருடத்தில் வெள்ளம், தண்ணீர்ப் பஞ்சம், புயல்.

அளவைகளில் நடக்கும் குழப்பத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வானொலியிலும் டீக்கடையிலும் தினமும் காதில் விழும் எண்கள் இவை, அப்படியும் தாளில் தப்பாகிறது. ‘மேட்டூர் அணையில் 120 டி.எம்.சி. நீர் தேக்கலாம்’ என்று எழுதுகிறார்கள். 120 என்பது அடி, அதாவது நீர்மட்டம். கொள்ளளவு 93.47 டி.எம்.சி. டி.எம்.சி. என்றால் ஆயிரம் மில்லியன் கன அடி, இது கொள்ளளவு. வினாடிக்கு இத்தனை கன அடி திறப்பு என்பது ஓட்டத்தின் வேகம். வேகத்தை நேரத்தால் பெருக்கினால்தான் அளவு வரும்.

இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டுவேன். ஒரு நாளைக்கு 86,400 வினாடி. வினாடிக்கு 12,000 கன அடி ஒரு நாள் முழுதும் திறந்தால் ஒரு டி.எம்.சி.யைச் சற்றுத் தாண்டும். அப்படியானால் நிரம்பிய மேட்டூர், வரத்து எதுவும் இல்லாவிட்டால் எத்தனை நாள் தாங்கும்? சுமார் 90 நாள். குறுவை நெல்லுக்கு வேண்டியதோ 110 நாளுக்கு மேல். ஆக, குறுவைக்கு மேட்டூர் திறக்கும் வழக்கமான நாளான ஜூன் 12 அன்று அணை நிறைந்தே இருந்தாலும், மேலே குடகில் மழை பெய்தால்தான் இங்கே கதிர் முற்றும். இந்தக் கணக்கை ஒரு முறை கையால் போட்ட பிள்ளை அதன்பிறகு அடியையும் டி.எம்.சி.யையும் குழப்பியதில்லை.

வளங்கள் பாடத்தில் வருவது இன்னொரு வகைத் தவறு. ‘நீர் புதுப்பிக்கக்கூடிய வளம்’ என்று எழுதி, அத்துடன் நிறுத்திவிடுவது. எவ்வளவு காலத்தில் புதுப்பிக்கும், எவ்வளவு வேகத்தில் எடுக்கிறோம் என்ற இரண்டையும் ஒப்பிடாமல் அந்தச் சொல்லுக்குப் பொருளே இல்லை. 2012 முதல் 2019 வரை எட்டு வருடம் மேட்டூர் ஜூன் 12-இல் திறக்கவில்லை. அந்த வருடங்களில் குறுவை போட்டவர்கள் போர்வெல் தண்ணீரில்தான் போட்டார்கள். வேதாரண்யம், தலைஞாயிறு மாதிரிக் கரையோரத்தில் அந்த வசதியும் இல்லை, தோண்டினால் உப்பு. நல்ல தண்ணீரை அளவுக்கு மேல் இழுத்தால் கடல்நீர் உள்ளே நகரும். திரும்பப் போக அது அவ்வளவு சீக்கிரம் சம்மதிக்காது.

மணலும் அப்படித்தான். ஆறு கொண்டுவந்து போடும் என்று எழுதுகிறார்கள். மேலே அணைகள் வண்டலைத் தடுத்து வைத்திருக்கும்போது கொள்ளிடத்தில் அள்ளிய மணல் எங்கிருந்து திரும்பி வரும்? படுகை தாழ்ந்தால் பக்கத்து வாய்க்கால் ஆற்றிலிருந்து பிரியும் தலைப்பு மேட்டில் நின்றுவிடும். ஆற்றில் தண்ணீர் ஓடும், வாய்க்காலில் ஏறாது. அந்த மணல் போய்ச் சேர்ந்த இடம் நகரத்துக் கட்டடங்கள் என்பதையும் எழுதினால், வளப் பாடமும் நகரப் பாடமும் ஒரே விடையில் சேர்ந்துவிடும்.

நகரமயமாதல் என்றால் ‘நகர மக்கள்தொகை அதிகரிப்பு’ என்பது பழகிப்போன தவறு. மொத்த மக்களில் நகரத்தில் வாழ்வோரின் பங்கு உயர்வதுதான் நகரமயமாதல். கிராமமும் அதே வேகத்தில் வளர்ந்தால் நகரத்தில் தலை கூடியிருக்கும், பங்கு மாறியிருக்காது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் அந்தப் பங்கு 48.4 சதவீதம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஓர் ஊர் நகரம் என்று எண்ணப்பட 5,000 மக்கள், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் என்பதோடு ஆண் தொழிலாளர்களில் குறைந்தது 75 சதவீதம் பேர் விவசாயம் அல்லாத வேலையில் இருக்க வேண்டும் என்ற அளவுகோல் உண்டு. மூன்றாவதை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், டெல்டாவுக்கு முக்கியமானதே அதுதான்.

நகரம் வளர்ந்தால் அங்கே மட்டும்தான் சிக்கல் என்று எண்ணுவதும் சரியில்லை. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் காவிரித் தீர்ப்பில் தமிழ்நாட்டுக்கு, மாநில எல்லையில் நீரை அளக்கும் இடமான பிலிகுண்டுலுவில் வர வேண்டிய நீரை 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 ஆக்கியது. குறைந்த 14.75-இல் 10 டி.எம்.சி. நம் டெல்டாவின் நிலத்தடி நீரைக் கணக்கில் கொண்டு குறைத்தது. மீதி 4.75 பெங்களூரு நகரத்தின் குடிநீர், வீட்டுத் தேவைக்கு. முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு நகரம் வளர்ந்தது, மன்னார்குடி வயலில் கணக்கு மாறியது. இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது.

உள்ளூரிலும் பார்க்கலாம். எங்கள் ஊர்ப் புறவழிச் சாலையை ஒட்டி ஒரு வயலில் மண் அடித்து மனை பிரித்தார்கள். மஞ்சள் அடித்த கல், நடுவே தார் ரோடு. குறுக்கே போன வடிகாலுக்கு ஒரு சிமெண்டுக் குழாயைப் புதைத்து மூடிவிட்டார்கள். முன்பு நான் சைக்கிளை நிறுத்தி இறங்கித் தாண்டிய வடிகால், இப்போது பானை வாயளவு ஓட்டையில் போகிறது. அடுத்த ஐப்பசி மழையில் மேற்கே இருந்த வயலில் நட்ட பயிர் பத்து நாள் தண்ணீருக்குள் கிடந்து அழுகியது. அந்த மழை ஒன்றும் பெரிய மழை இல்லை.

விடையை முடிக்கும்போது ‘மக்கள் விழிப்புணர்வு பெற வேண்டும்’ என்று எழுதாதீர்கள். யார், எப்போது, என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள்: ஐப்பசி பிறக்குமுன் வடிகால் தூர்வாருவது, தென்னைக்கு ஊடுபயிர், மனை அனுமதிக்கு முன் நீர்வழியை அளப்பது.

கடைசியாக வரைபடம். கொள்ளிடத்தைக் கல்லணையில் பிரித்து வரைகிறார்கள். அது பிரிவது அதற்கு மேலே முக்கொம்பில். கல்லணையில் பிரிவது காவிரியும் வெண்ணாறும், கூடவே கல்லணைக் கால்வாய். வெண்ணாற்றை நீடாமங்கலம் வரை கொண்டுவந்து மூணாறு தலைப்பில் பாமணி, கோரையாறு இரண்டையும் பிரித்துவிடுங்கள். அந்தக் கோடுகளை மறந்தால் உங்கள் படத்தில் மன்னார்குடிக்குத் தண்ணீர் போகாது.