வன்னியில் கர்ப்பிணித் தாய்மாரும் குடும்பத்தினரும் கவனிக்க வேண்டிய ஆபத்து அறிகுறிகள்

கர்ப்ப காலச் சிக்கல்களில் பல, முற்றுவதற்கு முன்னரே உடலில் ஏதோ ஓர் அடையாளத்தைக் காட்டிவிடுகின்றன. அதை வெயில் என்றும் வாய்வு என்றும் வேலைக் களைப்பு என்றும் நாமே சமாதானம் சொல்லிக்கொள்ளும்போதுதான் நேரம் கைநழுவிப் போகிறது. துணுக்காய், முத்தையன்கட்டு, நெடுங்கேணி போன்ற பகுதிகளின் உட்கிராமங்களில் இருப்பவர்களுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய வைத்தியசாலை இருக்கலாம். ஆனால் மகப்பேற்று நிபுணர், சத்திரசிகிச்சைக் கூடம், ஏற்றுவதற்கு இரத்தம் ஆகிய மூன்றும் ஓரிடத்தில் வேண்டுமானால் கிளிநொச்சிக்கோ முல்லைத்தீவுக்கோ வவுனியாவுக்கோ மன்னாருக்கோதான் போக வேண்டியிருக்கும். மாரியில் வீதிக்கு மேலால் வெள்ளம் பாய்வதும், இரவில் காட்டுப் பாதையில் யானை நிற்பதும் இங்கே வழமையானவை. ஆகவே, பின்னேரம் எழுந்த சந்தேகத்துக்குப் பின்னேரமே புறப்பட வேண்டும். விடியட்டும் என்று காத்திருப்பது வன்னியில் மற்ற இடங்களை விட ஆபத்தானது.

முதலில் இரத்த அழுத்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதுவே மிக எளிதாக ஏமாற்றுவது. கர்ப்பத்தின் 20ஆவது வாரத்துக்குப் பின்னர் சிலருக்கு இரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் உயர்ந்து, சிறுநீரில் புரதம் வெளியேறத் தொடங்கும். ஆரம்பத்தில் தாய்க்கு எந்த வருத்தமும் தெரியாதிருக்கலாம். கிளினிக்கில் ஒவ்வொரு தடவையும் அழுத்தத்தை அளந்து சிறுநீரைச் சோதிப்பது இதற்காகத்தான். நிலைமை முற்றும்போது பனடோலுக்கும் அடங்காத தலையிடி, கண் மங்குதல் அல்லது கண்முன் பூச்சி பறப்பது போலத் தோன்றுதல், நெஞ்சுக்குழியிலோ வலப்பக்க விலா எலும்புக்குக் கீழோ நோவு, சத்தி, முகமும் கைகளும் திடீரென வீங்குதல் ஆகியவை தோன்றும். மாதம் ஏற ஏறப் பின்னேரங்களில் கால் சற்று வீங்குவது பலருக்கும் உள்ளதுதான். ஆனால் காலையில் எழும்பும்போதே முகம் ஊதியிருப்பதும், விரலிலுள்ள மோதிரம் திடீரென இறுகுவதும் அப்படி விட்டுவிடக் கூடியவையல்ல. நெஞ்சுக்குழி நோவுக்கு ஓமத் தண்ணீர் கொடுத்துப் படுக்க வைப்பதும், தலையிடிக்குத் தைலம் தேய்த்துவிட்டு மறுநாள் பார்ப்போம் என்பதும் இந்த நோயில் மிகப் பெரிய தவறுகள். அடுத்த கட்டம் வலிப்பாக இருக்கலாம். வலிப்பு வந்துவிட்டால் தாயை இடப்பக்கமாகச் சரித்துப் படுக்க வைத்து, வாய்க்குள் எதையும் திணிக்காமல், குடிக்கவும் கொடுக்காமல், உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும். முதற் பிள்ளையைச் சுமப்பவர்கள், இரட்டைப் பிள்ளை உள்ளவர்கள், முந்திய கர்ப்பத்தில் அழுத்தம் உயர்ந்தவர்கள், நீரிழிவோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் ஆகியோர் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

இரத்தம் படுவதைப் பொறுத்தவரை எந்த மாதமாயினும், எவ்வளவு குறைவாயினும் வைத்தியருக்குக் காட்ட வேண்டும். ஆரம்ப வாரங்களில் அடிவயிற்றில், பெரும்பாலும் ஒரு பக்கமாக, கடும் நோவும் தலைச்சுற்றோ மயக்கமோ சேர்ந்து வந்தால், கரு கருப்பைக்கு வெளியே தங்கியிருக்கக்கூடும். அப்போது இரத்தம் வயிற்றுக்குள்ளேயே கசிவதால், வெளியில் தெரியும் அளவைக் கொண்டு ஆபத்தை மதிப்பிட முடியாது. தோள்மூட்டில் நோவு எடுப்பதும் இதன் அறிகுறியாகலாம். பிந்திய மாதங்களில் நோவே இல்லாமல் சிவந்த இரத்தம் போனால் நச்சுக்கொடி கருப்பையின் வாயை மறைத்தபடி கீழே அமைந்திருக்கலாம். வயிறு கல்லுப்போல இறுகி, இடைவிடாமல் நோகுமானால் நச்சுக்கொடி பிள்ளை பிறப்பதற்கு முன்னரே கழன்றிருக்கலாம். இதிலும் வெளியே இரத்தம் சிறிதளவே தெரியலாம், அல்லது தெரியாமலே போகலாம். வீட்டில் யாரும் கைவிட்டுப் பரிசோதிக்கக் கூடாது. சுத்தமான துணியையோ மாதவிடாய்ப் பட் ஒன்றையோ வைத்துக்கொண்டு, நனைந்தவற்றை வைத்தியர் பார்ப்பதற்காக எடுத்துச் செல்ல வேண்டும். தாயின் இரத்த வகை நெகட்டிவ் என்றால் அதை முதலிலேயே சொல்ல வேண்டும், ஏனெனில் அதற்குத் தேவைப்படும் ஊசியை இரத்தம் பட்டதிலிருந்து 72 மணித்தியாலங்களுக்குள் போடுவது நல்லது.

பிள்ளையின் துடிப்பைப் பெரும்பாலான தாய்மார் 18 முதல் 20 வாரமளவில் உணரத் தொடங்குவார்கள். 28ஆவது வாரத்துக்குப் பின்னர் ஒவ்வொரு பிள்ளைக்கும் அதற்கேயுரிய ஒரு போக்கு அமைந்துவிடும். அந்தப் போக்கைத் தாய் ஒருத்தியே அறிவாள். வயல் வேலை, சமையல், மூத்த பிள்ளைகளின் பாடு என்று ஓடித்திரியும் பொழுதில் துடிப்பு கவனத்துக்கு வராமற் போவது இயல்பு. ஐயம் வந்தால் இடப்பக்கமாகச் சரிந்து படுத்து, வேறெதிலும் கவனம் செலுத்தாமல், இரண்டு மணித்தியாலம் எண்ணிப் பார்க்கலாம். பத்துத் துடிப்புகள் வராவிட்டால் அன்றே, இரவாயிருந்தாலும், போக வேண்டும். துடிப்பு முற்றாக நின்றுவிட்டதாகத் தோன்றினால் இரண்டு மணித்தியாலமும் காத்திருக்க வேண்டாம். பிரசவம் நெருங்கும்போது இடம் போதாமல் பிள்ளை அடங்கிவிடும் என்று மூத்தவர்கள் அன்போடு சொல்வார்கள், ஆனால் அது சரியல்ல. துடிப்பின் தன்மை மாறலாமே தவிர, கடைசி வாரங்களிலும் அது குறையக் கூடாது.

பன்னீர்க்குடம் உடைந்தால் வலி இல்லாவிட்டாலும் உடனே செல்ல வேண்டும். நீர் பச்சையாகவோ மண்ணிறமாகவோ இருந்தால், துர்நாற்றம் வீசினால், அல்லது தொப்புள்கொடி வெளியே தெரிந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கலாகாது. 37 வாரம் நிறைவதற்கு முன்னர் விட்டுவிட்டு வரும் வயிற்றுக்குத்தும் இடுப்பு நோவும் குறைமாதப் பிரசவத்தின் தொடக்கமாக இருக்கலாம். நேரத்தோடு போனால் பிள்ளையின் சுவாசப்பை முதிர்வதற்கான ஊசியைப் போட முடியும்.

காய்ச்சல் என்றால் மாரி மாதங்களில் டெங்குவையும், வயலில் இறங்கும் குடும்பங்களில் எலிக்காய்ச்சலையும் நினைக்க வேண்டும். கர்ப்பிணிக்கு 38 பாகை செல்சியசோ அதற்கு மேலோ காய்ச்சல் காய்ந்தால் அன்றே வைத்தியரிடம் காட்டுவதே சரி. பனடோல் அளவோடு எடுக்கலாம்; புரூபன், டைக்குளோபெனக் போன்ற நோவு மருந்துகளைக் கடையில் வாங்கி விழுங்கக் கூடாது. அழுத்தத்துக்காக வைத்தியர் அஸ்பிரின் தந்திருந்தால் காய்ச்சலின்போது அதை அவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

சிறு வேலைக்கே மூச்சு வாங்குதல், மல்லாந்து படுக்க முடியாதபடி மூச்சுத் திணறல், நெஞ்சு படபடப்பு ஆகியவை கடும் இரத்தச்சோகையாலோ, அதுவரை அறியப்படாத இதய நோயாலோ வரலாம். ஒரு காலின் கெண்டை மட்டும் வீங்கி நோவது, உள்ளங்கையும் உள்ளங்காலும் தாங்க முடியாமல் கடிப்பது, தண்ணீரும் தங்காதபடி சத்தி, சிறுநீர் எரிவு ஆகியவற்றையும் சொல்லாமல் மறைக்கக் கூடாது. வாழ விருப்பமில்லை என்ற எண்ணம் எழுவதும் இவ்வரிசையிலேயே சேரும். அதை வெளியே சொல்லும் பெண்ணைக் கண்டிக்காமல், தனியே விடாமல், உடனே உதவிக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

இவை எதுவும் வராத நாட்களிலேயே ஆயத்தம் செய்துகொள்ள வேண்டும். 2018 முதல் வட மாகாணத்திலும் இயங்கும் 1990 இலவச நோயாளர் காவுவண்டிச் சேவையின் இலக்கத்தை வீட்டிலுள்ள பிள்ளைகளும் அறிந்திருக்கட்டும். தொலைபேசிச் சமிக்ஞை குறைந்த ஊர்களில், இரவில் வரக்கூடிய ஓட்டோவோ வானோ வைத்திருக்கும் இருவருடன் முன்கூட்டியே பேசி வைப்பது அவசியம். கிளினிக் அட்டை எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரை அழைக்கத் தயங்க வேண்டாம், ஆனால் அவர் வரும்வரை பயணத்தைத் தள்ளிப்போடவும் வேண்டாம். கணவர் தொலைவில் வேலை செய்யும் வீடுகளில், அவரைக் கேட்காமல் புறப்படலாமா என்ற தயக்கமே பல மணித்தியாலங்களை விழுங்கிவிடும். மாமியாரோ அம்மாவோ முடிவெடுக்கலாம் என்று குடும்பத்தில் இப்போதே பேசி ஒப்புக்கொள்ளுங்கள். போய்ப் பார்த்து ஒன்றுமில்லை என்று திரும்பி வந்தால் அது நல்ல செய்திதான். அதற்காக எந்தப் பெண்ணும் வெட்கப்படக் கூடாது, யாரும் அவளைக் குறை சொல்லவும் கூடாது.

பிள்ளை பிறந்ததோடு கவனம் முழுவதும் பிள்ளையின் மீது திரும்பிவிடுகிறது, ஆனால் தாய்க்கு ஆபத்து ஆறு வாரங்கள் வரை நீடிக்கிறது. ஒரு மணித்தியாலத்துக்குள் ஒரு பட் முழுமையாக நனையும்படி இரத்தம் போதல், கட்டி கட்டியாக விழுதல், காய்ச்சல், துர்நாற்றமுள்ள கழிவு, கடும் தலையிடி, வலிப்பு, நெஞ்சு நோவு, மூச்சுத் திணறல் ஆகியவற்றில் எது வந்தாலும், துடக்குக் கழியட்டும் என்று வீட்டுக்குள் வைத்திருக்காமல் கொண்டு செல்லுங்கள். அங்கே வெளிநோயாளர் பிரிவில் காட்டும்போது, இந்தத் தாய்க்குப் பிள்ளை பிறந்து இத்தனை நாள் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.