மார்கழிக் குளிரும் கூடிச் செய்யும் வேலையும்: மழலையர் வகுப்பு ஆசிரியர்களுக்கு ஒரு வழிமுறை

கொங்கு நாட்டில் குளிர்காலம் வந்துவிட்டது என்பதைக் குழந்தைக்குக் காட்ட, வீட்டு அலமாரியில் இருக்கும் தேங்காய் எண்ணெய்ப் புட்டியே போதும். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறையத் தொடங்கும். கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரங்களில் மார்கழி விடியற்காலை வெப்பநிலை பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டியே இருப்பதால், பகலில் நீராக இருந்த எண்ணெய் காலையில் வெள்ளைக் கட்டியாகப் புட்டிக்குள் நின்றுவிடுகிறது. தலைக்கு எண்ணெய் வைப்பதற்கு முன் அம்மா அந்தப் புட்டியை அடுப்பருகே சற்று நேரம் வைப்பதை எல்.கே.ஜி. குழந்தையும் பார்த்திருக்கும். குளிர்காலப் பாடம் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பனிமனிதனும் கம்பளிக் கையுறையும் வரைந்த படத்தைச் சுவரில் ஒட்டிக் கேள்வி கேட்டால், குழந்தை பெயர்களை ஒப்பிக்குமே தவிர, தன் தோலில் பட்ட குளிரோடு அந்தப் படத்தை இணைத்துப் பார்க்காது.

சேர்ந்து செயல்படுவதைக் கற்பிப்பதிலும் இதே கவனம் தேவை. அமெரிக்க ஆய்வாளர் மில்ட்ரெட் பார்டன் 1932-இல் வெளியிட்ட ஆய்வில் சிறு குழந்தைகளின் விளையாட்டு வளரும் விதத்தை விவரித்தார். முதலில் குழந்தை தனியே விளையாடுகிறது. பிறகு இன்னொரு குழந்தையின் பக்கத்தில் அமர்ந்து தன் போக்கில் விளையாடுகிறது. அதன்பின் பொருள்களைக் கொடுத்து வாங்குகிறது. கடைசியாகத்தான் ஒரே நோக்கத்துக்காக வேலையைப் பிரித்துக்கொண்டு விளையாடுகிறது. மூன்றரை வயதுக் குழந்தை பக்கத்தில் இருப்பவரைக் கண்டுகொள்ளாமல் தன் கட்டைகளை மட்டும் அடுக்குவது சுயநலம் அன்று, அது அந்த வயதின் இயல்பு. ஆகவே “எல்லாரும் ஒற்றுமையா இருக்கணும்” என்று சொல்லிக்கொடுப்பதால் பயனில்லை. ஒருவரால் முடிக்க இயலாத, ஆனால் இருவரோ பலரோ சேர்ந்தால் எளிதாக முடிந்துவிடுகிற வேலையைக் குழந்தைகளின் கையில் கொடுப்பதே ஆசிரியர் செய்ய வேண்டியது.

முதல் நாள் செயல்பாட்டுக்கு அந்த எண்ணெயையே எடுத்துக்கொள்ளலாம். உள்ளே இருப்பது நன்றாகத் தெரியும் சிறிய பிளாஸ்டிக் புட்டி ஒன்றில் மூன்று தேக்கரண்டி தேங்காய் எண்ணெய் ஊற்றி, மூடியை இறுக்கி, அதன்மேல் செல்லோடேப் சுற்றி, முந்தைய இரவே காற்றுப்படும் சன்னலோரத்தில் வைத்துவிட வேண்டும். காலை முதல் மணி அடித்தவுடன் செயல்பாட்டைத் தொடங்கிவிடுவது நல்லது. பத்து மணிக்கு மேல் வகுப்பறை சூடாகி, எண்ணெய் தானாகவே இளகிவிடக்கூடும். அப்படி ஆகும் என்று தோன்றினால் புட்டியை மண்பானைத் தண்ணீரில் மூழ்க வைத்திருக்கலாம். ஃபிரிட்ஜில் வைத்த எண்ணெய் கல்லாக இறுகி, உருகுவதற்கு வெகுநேரம் ஆகும். அதற்குள் குழந்தைகள் எழுந்து ஓடிவிடுவார்கள். எவ்வளவு நேரத்தில் உருகுகிறது என்பதை ஆசிரியர் ஒருமுறை வீட்டிலேயே செய்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

பத்துப் பன்னிரண்டு குழந்தைகள் வட்டமாக அமரட்டும். முதல் குழந்தை புட்டியை இரு உள்ளங்கைகளுக்கு நடுவே பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் சேர்ந்து ஒன்று முதல் இருபது வரை எண்ண வேண்டும். கையைத் திறந்து பார்த்தால் எண்ணெய் வெள்ளையாகவே இருக்கும்; விரல்கள் பட்ட ஓரத்தில் மட்டும் இலேசாக மினுங்கும். “உருகலையே, இப்ப என்ன பண்ணலாம் கண்ணு?” என்று கேட்டுவிட்டுச் சற்றுக் காத்திருக்க வேண்டும். பக்கத்துக் குழந்தை தானாகவே கையை நீட்டும். புட்டி கைமாறிக் கைமாறிச் சுற்றி வரும்போது ஒவ்வொரு கைக்கும் இருபது எண்ணிக்கை உண்டு. சில கைகளைக் கடந்தபின் புட்டியின் சுவரோரம் தெளிவாகி, நடுவில் நிற்கும் வெள்ளைக் கட்டி பிடிமானம் இழந்து ஒரு பக்கமாகச் சரியும். அந்தக் கணத்தில் வட்டம் முழுவதும் எழுந்து குனிந்து பார்க்கும். அதற்கு இடம் கொடுக்க வேண்டும், அடக்கக் கூடாது. முழுவதும் உருகியபின் “யாரு இதை உருக்கினது?” என்று கேட்டால், முதலில் ஆளாளுக்கு “நான்” என்பார்கள். முதல் குழந்தையிடம், “நீ பிடிச்சப்ப உருகிச்சா?” என்று மட்டும் கேட்டுவிட்டு விட்டுவிடலாம். விடையை ஆசிரியர் சொல்ல வேண்டியதில்லை.

கதைக்கு நம் தோட்டங்களில் எங்கும் திரியும் தவிட்டுக்குருவிகளே போதும். இவை எப்போதும் கூட்டமாகவே இருக்கும். தரையில் இரை கிளறும்போது ஒன்று உயரத்தில் அமர்ந்து காவல் பார்க்கும். இருட்டினால் ஒரே கிளையில் ஒன்றோடொன்று ஒட்டி வரிசையாக அடையும். இந்த உண்மைகளைக் கொண்டே ஆசிரியர் கதை சொல்லலாம். அது இப்படி இருக்கலாம்: “காங்கேயம் பக்கத்துல ஒரு தோட்டம். அங்க ஒரு வேப்பமரம். மரத்துல ஆறு தவிட்டுக்குருவிங்க. மார்கழி ராத்திரி, ஒரே குளிரு. ஆறும் ஒட்டி ஒட்டி உக்காந்துச்சு. கடைசியில இருந்த சின்னக் குருவிக்கு ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் குளிரு. அது சொல்லுச்சு: குளுருதுங்க, கொஞ்சம் நவுருங்க! எல்லாம் நவுந்துச்சு. சின்னக் குருவி நடுவுல வந்து உக்காந்துச்சு. ஆனா இப்ப வேற ஒரு குருவி கடைசிக்குப் போயிருச்சே! அதுவும் சொல்லுச்சு: குளுருதுங்க, கொஞ்சம் நவுருங்க!” இப்படி ஒவ்வொரு குருவியாக ஓரத்துக்கு வர, “குளுருதுங்க, கொஞ்சம் நவுருங்க” என்ற வரியை மூன்றாம் முறையிலிருந்து குழந்தைகளே சொல்லத் தொடங்குவார்கள்.

எல்லாக் குருவிகளும் ஒருமுறை ஓரத்துக்கு வந்துவிட்டபின் கதையை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். “யாராவது ஒருத்தர் ஓரத்துல இருந்துதான ஆகணும், இப்ப என்ன பண்றது சாமி?” என்று கேட்டு, ஆறு குழந்தைகளை ஒரு பெஞ்சில் நெருங்கி உட்கார வைத்து, ஒரு சென்னிமலைப் போர்வையைச் சுற்றிப் போர்த்திவிடலாம். போர்வை ஆறு பேருக்கும் முழுதாக எட்டாதபடி சற்றுச் சிறியதாக இருந்தால் நல்லது. முறை வைத்து ஓரத்தில் அமரலாம் என்று ஒரு குழந்தை சொல்லும். பெரிய குருவி ஓரத்துக்குப் போகட்டும் என்று இன்னொன்று சொல்லும். வட்டமாக உட்காரலாம் என்று ஒன்று சொல்லும், கிளையில் எப்படி வட்டமாக உட்காருவது என்று மற்றொன்று மறுக்கும். ஒவ்வொன்றையும் செய்து பார்க்க விட வேண்டும். கதை முடிந்ததும் “இதிலிருந்து என்ன தெரிகிறது?” என்று நீதி கேட்கும் வழக்கம் நம் வகுப்பறைகளில் வேரூன்றியிருக்கிறது. இந்த வயதில் அது கதையைத் தேர்வாக மாற்றிவிடுகிறது என்பதால், அதை விட்டுவிடுமாறு மனமாரக் கேட்டுக்கொள்கிறேன்.

யு.கே.ஜி. குழந்தைகள் தொலைக்காட்சியில் பெங்குவின்களைப் பார்த்திருப்பார்கள். எம்பரர் பெங்குவின்களில் ஆண் பறவைகள் முட்டையைக் கால்களின் மேல் ஏந்தி ஏறக்குறைய இரண்டு மாதம் அடைகாக்கின்றன. அண்டார்டிகாவின் கடுங்குளிரில் நெருங்கி நின்று, இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன. குருவிக் கதைக்குப் பின் இதைச் சொன்னால் உடனே பிடித்துக்கொள்வார்கள். அண்டார்டிகாவில் குளிர் உச்சத்தில் இருக்கும் மாதங்கள் ஜூன், ஜூலை என்பதையும், பனிக்கரடி வாழ்வது வடதுருவப் பகுதியில் என்பதால் அதையும் பெங்குவினையும் ஒரே படத்தில் ஒட்டக் கூடாது என்பதையும் ஆசிரியர் நினைவில் வைக்க வேண்டும். உறைபனியை அருகிலேயே காட்டலாம். ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் புல்வெளிகள் விடியலில் வெள்ளையாக உறைந்திருக்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயில் ஏறிப்போகும் ஊர் என்றால் குழந்தைகளுக்குப் புரியும்.

இனி வரும் செயல்பாடு திருப்பூர் வட்டாரத்துக்கே உரியது. குளிர்நாடுகளில் மக்கள் அணியும் ஆடைகளில் ஒரு பகுதி திருப்பூரில் தைக்கப்பட்டுக் கப்பல் ஏறுகிறது. அந்த வேலையைச் செய்பவர்கள் நம் வகுப்புக் குழந்தைகளின் தாய் தந்தையரே. ஓர் ஆடை கட்டிங், தையல், பிசிறு வெட்டுதல், செக்கிங், அயர்ன், பேக்கிங் என்று பல கைகளைக் கடந்துதான் முடிகிறது என்பதைக் குழந்தைகள் வீட்டுப் பேச்சிலேயே கேட்டிருப்பார்கள். அதை வகுப்பில் ஒரு காகித ஸ்வெட்டராகச் செய்ய வைக்கலாம். ஆசிரியர் அட்டையில் உடல், இரண்டு கைகள், கழுத்துப்பட்டி, பை ஆகியவற்றைத் தனித்தனியே வெட்டி வைத்துக்கொள்ள வேண்டும். ஆறு குழந்தைகள் தரையில் வரிசையாக அமர, ஒருவர் உடலை எடுத்து வைப்பார், அடுத்தவர் ஒரு கையை ஒட்டுவார், அதற்கடுத்தவர் மறு கையை, நான்காமவர் கழுத்துப்பட்டியை, ஐந்தாமவர் பையை, ஆறாமவர் எல்லாம் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து மடித்துப் பெட்டியில் வைப்பார்.

இங்கே வேகம் பெரிதன்று. ஒரு குழந்தையிடம் வேலை தேங்கினால் மற்றவர்கள் காத்திருப்பார்கள், கத்துவார்கள், பசைக்குச்சியைப் பிடுங்கவும் கூடும். உடனே உள்ளே நுழைந்து சரிசெய்யாமல் ஆசிரியர் சற்றுப் பொறுத்தால், பக்கத்துக் குழந்தை காகிதத்தை அழுத்திப் பிடித்துக்கொடுக்கும்; உதவி அங்கே தானாகவே பிறக்கிறது. ஒவ்வொரு ஸ்வெட்டருக்கும் இடங்களை மாற்றிவிட வேண்டும். செக்கிங் செய்யும் இடத்தை எல்லாரும் கேட்பார்கள், “எங்கம்மா செக்கிங் போறாங்க” என்று உரிமையோடு கேட்கும் குழந்தையும் இருக்கும். அதற்கு முதல் முறையைக் கொடுத்துவிடலாம். முடிந்த ஸ்வெட்டரில் யார் பெயரையும் எழுதாமல், ஆறு பேரின் விரல் ரேகையையும் வண்ணத்தில் பதிப்பதே பொருத்தமானது.

குளிர் ஏன் வருகிறது என்று குழந்தை கேட்டால், சூரியன் தூரமாகப் போய்விட்டது என்று சொல்லிவிடக் கூடாது, அது தவறு. பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பதே ஜனவரி முதல் வாரத்தில்தான். பூமியின் அச்சு சாய்ந்திருப்பதால் இந்த மாதங்களில் வெயில் நம்மேல் சாய்வாக விழுகிறது, பகலும் குறுகிவிடுகிறது. நம் வட்டாரத்தில் டிசம்பர் இறுதியில் பகல் ஏறத்தாழ பதினொன்றரை மணி நேரம். ஜூன் இறுதியில் பன்னிரண்டே முக்கால் மணி நேரம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் தெளிந்துவிடுவதால், நிலம் பகலில் பெற்ற சூட்டை இரவில் எளிதாக இழந்துவிடுகிறது. இவை ஆசிரியர் தெரிந்துகொள்ள வேண்டியவை. குழந்தைக்கு “சூரியன் சாஞ்சு வருது, ராத்திரி நீளமா இருக்குது” என்பதே போதும். நண்பகல் 12.20 மணியளவில் ஒரு குழந்தை அசையாமல் வெயிலில் நிற்க, இன்னொரு குழந்தை அதன் நிழலைச் சாக்பீஸால் சுற்றி வரையட்டும். ஒரு மீட்டர் உயரக் குழந்தைக்கு நிழல் முக்கால் மீட்டருக்குச் சற்றுக் குறைவாக நீளும். அந்த நீளத்துக்கு ஒரு கயிற்றை வெட்டித் தேதி எழுதி மாட்டிவைத்தால், சூரியன் தலைக்கு நேர்மேலே வந்து நிழல் காலடியில் ஒடுங்கிவிடும் ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பொங்கலுக்கு முந்தைய நாள் காப்புக்கட்டு, அதாவது இலையும் பூவும் சேர்த்த கொத்தை வீட்டு வாசலில் கட்டும் வழக்கம். வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ மூன்றையும் ஒரு குழந்தை சேர்த்துப் பிடிக்க, மற்றொன்று நூலைச் சுற்றட்டும். தனியே கட்ட முயன்றால் கொத்து நழுவிவிடும் என்பதால் இருவர் தேவை என்பது தானாகவே விளங்கும். பச்சை மொச்சையைச் சேர்ந்து உரித்து ஒரே பாத்திரத்தில் போடுவதும் நல்ல வேலை. ஆனால் இந்த வயதுக் குழந்தைகள் கொட்டையை மூக்கிலோ காதிலோ நுழைத்துக்கொள்வது உண்டு. ஐந்து குழந்தைக்கு ஒரு பெரியவர் உடன் இல்லாவிட்டால் இதைத் தவிர்த்துவிட வேண்டும். வீசிங் உள்ள குழந்தையைக் காலைப் பனியில் வெளியே அழைத்துச் செல்லவோ, தூசி படிந்த போர்வைக்குள் உட்காரவைக்கவோ கூடாது.

எல்லாக் குழந்தைகளும் நெருங்கி உட்கார விரும்புவதில்லை. தொடுவதைத் தாங்க முடியாத குழந்தையையும், புதிதாகச் சேர்ந்து வாய் திறக்காத குழந்தையையும் போர்வைக்குள் இழுக்க வேண்டாம். குருவிக் கூட்டத்தில் காவல் பார்க்கும் குருவி ஒன்று உண்டல்லவா, அந்தப் பொறுப்பை அவர்களுக்குக் கொடுக்கலாம். நாற்காலியில் அமர்ந்து, பூனை வந்தால் கை தட்டுவது அவர்கள் வேலை. சில நாள்களில் அவர்களே இறங்கி வந்து உட்காரக்கூடும், வராவிட்டாலும் காவல் இல்லாமல் கூட்டம் இல்லை.

பாராட்டும்போது “வெரி குட்” என்று பொதுவாகச் சொல்வதைவிட, நடந்ததை அப்படியே சொல்வது நல்லது: “நீ பூவைப் பிடிச்சுக்கிட்டதாலதான் அவன் நூலைச் சுத்த முடிஞ்சுது.” ஸ்டார், ஸ்டிக்கர், முதல் பரிசு ஆகியவை இந்த வாரங்களில் வேண்டாம், பரிசு ஒருவருக்குப் போன உடனே மற்றவர்கள் கை விலகிவிடுகிறது. பெற்றோருக்கு அனுப்பும் குறிப்பிலும் இதையே கேட்டுக்கொள்ளலாம்: ஒவ்வொரு நாளும் வீட்டில் இருவர் சேர்ந்தால்தான் முடியும் ஒரு வேலையை, அதாவது ஜமக்காளத்தை நான்கு மூலையும் பிடித்து மடிப்பது, காய்ந்த போர்வையை உதறுவது, தண்ணீர்க் குடத்தை இருவராகத் தூக்கி வைப்பது போன்றவற்றைக் குழந்தையோடு சேர்ந்து செய்து, மறுநாள் காலையில் என்ன செய்தோம் என்று வகுப்பில் சொல்லும்படி அனுப்புங்கள்.