ரெஸ்டாரன்டுக்கென்று சொந்தமாக ஒரு ஹவுஸ் ஒயின்: கலிஃபோர்னியாவில் செய்வது எப்படி?

மெனுவில் ‘ஹவுஸ் ரெட்’, அதாவது உணவகம் வழக்கமாகக் கிளாஸ் கணக்கில் ஊற்றும் சிவப்பு ஒயின், என்று இருந்தால், பல இடங்களில் அது விநியோகஸ்தர் பட்டியலிலேயே மலிவான சரக்காகத்தான் இருக்கும். ஆனால் தங்கள் சமையலுக்குப் பொருந்தும்படி ஒயினைத் தேடிப்பிடித்த உணவகங்களும் உண்டு. பெர்க்லியில் 1971-இல் தொடங்கிய ஷே பானீஸ், நாபா மலைப்பகுதியிலுள்ள கிரீன் அண்ட் ரெட் தோட்டத்தின் ஜின்ஃபான்டெலை (ஒரு சிவப்பு ஒயின் திராட்சை வகை) ஹவுஸ் ஒயினாக ஊற்றிவந்தது. அதற்கும் ஒரு படி மேலே போய், உங்கள் கலவையை நீங்களே முடிவு செய்யலாம். தோட்டமோ பீப்பாயோ வாங்கத் தேவையில்லை.

படி 1: எவ்வளவு வேண்டும்?

ஒரு கிளாஸுக்கு 150 மில்லி ஊற்றினால் 750 மில்லி பாட்டிலில் ஐந்து கிளாஸ். நாளைக்கு 12 கிளாஸ், வாரத்துக்கு ஆறு நாள் என்றால் வருஷத்துக்கு ஏறக்குறைய 560 லிட்டர். 225 லிட்டர் பீப்பாய்க் கணக்கில் இரண்டரை. 12 பாட்டில் கொண்ட பெட்டிக் கணக்கில் 62. இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு ஒயினரியிடம் (ஒயின் தயாரிக்கும் நிறுவனத்திடம்) பேசப் போங்கள். இது இல்லாமல் போனால் அவர்கள் சொல்கிற அளவுக்குத் தலையாட்டிவிட்டு வருவீர்கள்.

படி 2: யார் தயாரிப்பது?

1933-இல் மதுவிலக்கு நீங்கிய பிறகு அமெரிக்காவில் தயாரிப்பவர், விநியோகிப்பவர், விற்பவர் என்று மூன்று அடுக்காகப் பிரித்துவிட்டார்கள். உணவக உரிமம் வைத்திருப்பவர் தயாரிப்பில் இறங்கப் பல தடைகள். அதனால் வழக்கமான வழி, உரிமம் பெற்ற ஒயினரி ஒன்று உங்களுக்காகக் கலந்து, உங்கள் லேபிள் ஒட்டித் தருவது. ஒப்பந்தம் போடும் முன் மதுச் சட்டம் தெரிந்த வக்கீலிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். இந்தச் செலவில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

படி 3: கலந்து பார்ப்பது

வேலையின் உயிர் இதில்தான் இருக்கிறது. கலிஃபோர்னியாவின் பழைய பாணிச் சிவப்புக்கு மூன்று திராட்சை போதும். பழச்சுவைக்கு ஜின்ஃபான்டெல். புளிப்புக்கு கரின்யான். நிறத்துக்கும் துவர்ப்புக்கும் பெட்டீட் சிரா. கலிஃபோர்னியாவின் ஒயின் வட்டாரங்களான லோடை, மென்டசீனோ பக்கம் மூன்றுமே விளைகின்றன. ஒயினரியிடம் ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டில் மாதிரி கேளுங்கள்.

100 மில்லி அளவுருளை ஒன்று, சொட்டுச் சொட்டாக அளந்து ஊற்றும் குழாயான பிப்பெட் ஒன்று, ஒரே மாதிரியான கிளாஸ்கள், துப்புவதற்கு ஒரு வாளி. மேசையில் இவை போதும். பசியோடு இருக்கும் முற்பகலில் உட்காருங்கள்; சாப்பிட்ட வாய்க்கு நுணுக்கம் தெரியாது.

முதல் கலவை 60 மில்லி ஜின்ஃபான்டெல், 25 கரின்யான், 15 பெட்டீட் சிரா. அடுத்ததில் பெட்டீட் சிராவை 10 ஆக்கி, அந்த 5 மில்லியைக் கரின்யானில் சேருங்கள். 5 மில்லி என்ன செய்துவிடும் என்று தோன்றும். குடித்துப் பாருங்கள்: ஈறில் ஒட்டிய துவர்ப்பு தளர்ந்து, நாக்கின் ஓரத்தில் எச்சில் ஊறும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். விகிதத்தைக் கிளாஸுக்கு அடியில் எழுதி ஒட்டிவிட்டு, இடம் மாற்றி வைத்துச் சுவையுங்கள். பக்கத்தில் எதுவும் கலக்காத ஜின்ஃபான்டெலும் ஒரு கிளாஸ் இருக்கட்டும். எந்தக் கலவையும் அதைத் தாண்டவில்லை என்றால் கலக்கவே வேண்டாம்.

ஆல்கஹாலையும் கணக்குப் போடுங்கள். ஜின்ஃபான்டெல் 15 சதவீதம், கரின்யான் 13.5, பெட்டீட் சிரா 14.5 என்றால் முதல் கலவை 14.55-இல் நிற்கும். உங்கள் சமையலில் மிளகாய்க் காரம் தூக்கலாக இருந்தால் இது அதிகம். ஆல்கஹால் அந்த எரிச்சலைக் கூட்டும். கரின்யானை ஏற்றுங்கள்.

படி 4: சாப்பாட்டு மேசையில் சோதனை

தனியாகக் குடிக்கும்போது பிரமாதமாக இருப்பது தட்டுக்குப் பக்கத்தில் தடுமாறலாம். தேறிய மூன்று கலவைகளைப் பாட்டிலில் ஊற்றி, அதிகம் விற்கும் உங்கள் நாலைந்து பதார்த்தங்களோடு ஊழியர்களுக்குப் பரிமாறுங்கள். அபிப்பிராயம் கேட்காதீர்கள். எந்தப் பாட்டில் முதலில் காலியாகிறது என்று மட்டும் பாருங்கள். என்னைக் கேட்டால், ஹவுஸ் ஒயினுக்கு இதைவிட நேர்மையான மதிப்பெண் கிடையாது. முதல் வாயில் அசத்துவதைவிட, இரண்டாவது கிளாஸ் கேட்க வைப்பதுதான் இதன் வேலை.

மிச்சத்தை மூடி வைத்து மறுநாள் மாலை மறுபடி சுவையுங்கள். கிளாஸ் கணக்கில் விற்கும் பாட்டில் ஓரிரு நாள் திறந்தே கிடக்கும். ஒரே இரவில் வாடிப்போகிற கலவை உங்களுக்கு ஆகாது.

படி 5: லேபிள்

ஒயினரி, மது வரியையும் வணிகத்தையும் கவனிக்கும் கூட்டாட்சி அரசின் டிடிபி (TTB) பணியகத்திடம் லேபிளுக்கு ஒப்புதல் வாங்கும். ஆனால் என்ன எழுதலாம் என்பதை நீங்கள் கலந்த விகிதம்தான் தீர்மானிக்கிறது. திராட்சைப் பெயர் ஒன்றைப் போட அது 75 சதவீதமாவது இருக்க வேண்டும். ‘லோடை’ என்று போட 85 சதவீதம் அங்கே விளைந்திருக்க வேண்டும். ‘கலிஃபோர்னியா’ என்று போட்டால் மாநிலச் சட்டப்படி முழுவதுமே இந்த மாநிலத் திராட்சையாக இருக்க வேண்டும். நம் 60 சதவீதக் கலவைக்கு ‘ஜின்ஃபான்டெல்’ என்ற பெயர் கிடைக்காது. அதற்காக 15 மில்லி கூட்டிச் சுவையைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். ‘ரெட் ஒயின்’ என்றே போடுங்கள். வருகிறவர்கள் எப்படியும் ‘ஹவுஸ் ரெட்’ என்றுதான் கேட்கப்போகிறார்கள். ஒயின் கெடாமல் காக்கும் சல்ஃபைட் லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தொட்டாலே அதைக் குறிப்பிட வேண்டும். அரசின் எச்சரிக்கை வாசகமும் கட்டாயம்.

படி 6: பாட்டிலா, கெக்கா?

கிளாஸில் மட்டும் விற்பதாக இருந்தால், குழாய் வைத்து ஊற்றும் உலோகக் கலனான கெக் நல்லது. 19.5 லிட்டர் கெக் ஒன்றில் 26 பாட்டில் ஒயின் அடங்கும். கார்க், கண்ணாடி செலவு மிச்சம். காற்றுப் படாததால் கடைசிக் கிளாஸும் கெடாது. ஆனால் குழாய்களை ஒழுங்காகக் கழுவ ஆள் இருக்க வேண்டும். மேசையில் உங்கள் பெயர் தெரிய வேண்டுமென்றால் பாட்டில்தான். அடைத்த கையோடு ஒயின் கொஞ்சம் மந்தமாக இருக்கும். ஒரு மாதமாவது அசைக்காமல் விட்டுவிட்டு மெனுவில் ஏற்றுங்கள்.

முதல் தொகுதியில் ஒரு பெட்டியை விற்காமல் எடுத்து வையுங்கள். அடுத்த அறுவடையில் அதே தோட்டத்துத் திராட்சையும் வேறு மாதிரி வரும், 60-25-15 அப்படியே செல்லாது. பழைய பாட்டிலைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு மறுபடி அளவுருளையிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.