கொம்பில்லா மான் வேட்டை: பென்சில்வேனியா பொது நிலத்துக்குப் போகுமுன்

பென்சில்வேனியாவில் கொம்பில்லா மானுக்கான உரிமம் மாநிலம் முழுவதற்கும் செல்லாது. எந்த வனவிலங்கு மேலாண்மைப் பிரிவுக்கு வாங்கினீர்களோ, அங்கே மட்டும்தான். அதனால் ‘ஸ்டேட் கேம் லேண்ட்ஸ்’ எனும் மாநிலப் பொது வேட்டை நிலங்களின் வரைபடத்தைப் பார்த்து முதலில் இடத்தை முடிவு செய்யுங்கள், அப்புறம் உரிமம். சில பிரிவுகளில் அது சீக்கிரமே தீர்ந்துவிடும்.

வண்டி நிறுத்துமிடத்தை ஒட்டியே பெரும்பாலோர் உட்காருவார்கள். மான்கள் அவர்களைத் தவிர்த்துச் செங்குத்துச் சரிவுக்கும் சதுப்பு ஓரத்துக்கும் ஒதுங்கும். வெள்ளை ஓக் மரத்தின் கொட்டைகள் உதிர்ந்து கிடக்கும் இடத்தைத் தேடிவையுங்கள். காற்று மானிடமிருந்து உங்கள் பக்கம் வீச வேண்டும். சுட்ட மானை இழுத்து வரும் வழியையும் இப்போதே யோசியுங்கள். மேட்டில் இழுப்பது பெரும்பாடு.

எனக்கு முக்கியமாகப் படுவது அடையாளம். இரு கொம்புகளும் 3 அங்குலத்துக்குக் குறைவாக இருந்தால் சட்டப்படி அது கொம்பில்லா மான்தான். ஆண் குட்டியும் இதில் அடங்கிவிடும், ஆனால் நாம் தேடுவது வளர்ந்த பெண் மானை. தனியாக வரும் சிறிய மான் பெரும்பாலும் ஆண் குட்டியாக இருக்கலாம், அவசரப்படாதீர்கள். இரண்டு மூன்று சேர்ந்து வரும்வரை பொறுத்து, நீண்ட முகமும் பெரிய உடலும் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். குட்டியின் முகம் குட்டையாக இருக்கும்.

துப்பாக்கிப் பருவத்தில் தலை, மார்பு, முதுகு மூன்றிலும் சேர்த்து 250 சதுர அங்குலம் ஒளிரும் ஆரஞ்சு நிறம் கட்டாயம். மான் விழுந்ததும் டேக் (அடையாளச் சீட்டு) கட்டி, 10 நாளுக்குள் மாநில வனவிலங்குத் துறையான கேம் கமிஷனுக்குத் தெரிவித்துவிடுங்கள்.